காலாவதியாகும் பூட்டு இருந்தும் டெட்லாக் வந்தது எப்படி?

இரவுப்பணி:

வணக்கம். மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாத ஒன்றை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அமைப்பில் பன்னிரண்டு வொர்க்கர்கள் (தனித்தனியாக ஓடும் நிரல்கள்) இரவு முழுவதும் வாடிக்கையாளர் கணக்குகளுக்குப் பில் தயாரிக்கின்றன. ஒரு கணக்கை ஒரு நேரத்தில் ஒரு வொர்க்கர்தான் தொட வேண்டும். அதற்காக ரெடிஸ் என்ற நினைவகத் தரவுச் சேமிப்பில் கணக்குக்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறோம். ஆயுள் 30 வினாடி. வொர்க்கர் உயிரோடு இருக்கும்வரை அதற்குள் ஒரு தனி த்ரெட் (அதே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) 10 வினாடிக்கு ஒருமுறை பூட்டைப் புதுப்பிக்கும். வொர்க்கர் செத்துவிட்டால் 30 வினாடியில் பூட்டு தானே விழும், அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். டெட்லாக், அதாவது ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லோரும் முடங்குவது, வராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடே. கணக்கு விவரம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அங்கே திருத்தங்கள் ஒரு டிரான்ஸாக்‌ஷனாக நடக்கும்; அது முடியும்வரை அது திருத்திய பதிவை வேறு யாரும் திருத்த முடியாது.

அன்று இரவு மொத்த வரிசையும் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றது. குறிப்பேட்டிலிருந்து ஒரு கணக்குக்கான வரிகளை மட்டும் எடுத்துத் தருகிறேன்:

02:14:07 வொர்க்கர் 3: பூட்டு கிடைத்தது
02:14:08 வொர்க்கர் 3: டிரான்ஸாக்‌ஷன் தொடக்கம், கணக்குப் பதிவு திருத்தப்பட்டது
02:14:38 வொர்க்கர் 8: பூட்டு கிடைத்தது
02:14:38 வொர்க்கர் 8: டிரான்ஸாக்‌ஷன் தொடக்கம், கணக்குப் பதிவைத் திருத்துகிறது
02:14:48 வொர்க்கர் 8: பூட்டு புதுப்பிக்கப்பட்டது
02:14:54 வொர்க்கர் 3: பூட்டைப் புதுப்பிக்க முடியவில்லை, மீண்டும் பெற முயல்கிறது
02:14:58 வொர்க்கர் 8: பூட்டு புதுப்பிக்கப்பட்டது

இதற்குப் பிறகு விடியும்வரை எட்டின் "புதுப்பிக்கப்பட்டது" என்ற வரி மட்டுமே. மூன்று இருந்த மெய்நிகர் இயந்திரம் அந்த நேரத்தில் வேறொரு வன்பொருளுக்கு மாற்றப்பட்டது என்றும், ஏறக்குறைய 43 வினாடி உறைந்திருந்தது என்றும் பின்னர் தெரியவந்தது. அது புரிகிறது. உறைந்தது விழித்துவிட்டது, பூட்டும் கைமாறிவிட்டது. பிறகு ஏன் யாருமே நகரவில்லை?

நேர்கோடு:

ஆயுளை ஐந்து நிமிடமாக்கிவிடுங்கள். 43 வினாடி உறைவுக்கு 30 வினாடி போதாது என்பதுதான் பிரச்சினை.

கல்வெட்டு:

நேர்கோடு, ஆயுளைக் கூட்டினால் அன்று இரவு தப்பித்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு வொர்க்கர் நிஜமாகவே செத்துப்போனால் அந்தக் கணக்கு ஐந்து நிமிடம் முடங்கும். ஆறு நிமிட உறைவு வந்தால் பழைய கதைதான். எந்த எண்ணைப் போட்டாலும் அதைவிட ஒரு வினாடி நீளமான உறைவு ஒன்று எங்கேயோ காத்திருக்கிறது.

இரவுப்பணி, உங்கள் ஏழு வரிகளில் விடை முழுவதும் இருக்கிறது. யார் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 02:14:54க்குப் பிறகு எட்டின் கையில் ரெடிஸ் பூட்டு இருக்கிறது, கணக்குப் பதிவுக்காகக் காத்திருக்கிறது. மூன்றின் கையில் கணக்குப் பதிவு இருக்கிறது, ஏனென்றால் அதன் டிரான்ஸாக்‌ஷன் இன்னும் முடியவில்லை. அது ரெடிஸ் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. ஒருவர் வைத்திருப்பது மற்றவருக்கு வேண்டும், இருவரும் விடமாட்டார்கள். இது அச்சு அசலான டெட்லாக்.

அப்படியானால் போஸ்ட்கிரெஸ் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அதற்கு டெட்லாக் கண்டறியும் வசதி உண்டு. ஒரு காத்திருப்பு ஒரு வினாடியைத் தாண்டினால் சுழற்சி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும், இருந்தால் ஒருவரை வெளியேற்றும். ஆனால் அதன் கண்ணுக்குத் தெரிந்தது பாதிச் சுழற்சிதான். எட்டு மூன்றுக்காக நிற்கிறது என்பது தெரியும். மூன்றோ, டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பதுபோல் தெரியும். மீதிப் பாதி ரெடிஸில் இருக்கிறது. ரெடிஸுக்கு யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கே கிடையாது. இரண்டு அமைப்புகளின் இடைவெளியில் உட்கார்ந்திருந்த சுழற்சி இது.

டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று 1971இல் காஃப்மனும் அவருடைய சகாக்களும் எழுதிவைத்தார்கள். ஒரு வளத்தை ஒருவர்தான் பிடிக்க முடியும். ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றுக்காகக் காத்திருக்கலாம். பிடித்தவரிடமிருந்து பிடுங்க முடியாது. காத்திருப்பு வட்டமாக முடிய வேண்டும். நான்கில் ஒன்றை உடைத்தாலும் டெட்லாக் வராது. காலாவதி என்பது மூன்றாவதை உடைக்கும் வழி: நேரம் முடிந்தால் பிடுங்கிவிடு. ஆனால் நீங்கள் பிடுங்கியது ரெடிஸ் பூட்டை மட்டும்தான். கணக்குப் பதிவின் மீதான பூட்டை மூன்றின் கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை. ஒரு வளத்தைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றை விட்டுவைத்ததால்தான் வட்டம் உருவானது. காலாவதியே இல்லாமலிருந்தால் அன்று இந்தக் குறிப்பிட்ட டெட்லாக் வந்திருக்காது.

இரவுப்பணி:

கடைசி வாக்கியத்தை நான்கு முறை படித்தேன். உண்மைதான், மூன்று விழித்ததும் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

"மீண்டும் பெற முயல்கிறது" என்ற வரியை எழுதியவன் நான்தான். பூட்டு நழுவினால் மறுபடி பிடித்துவிட்டுத் தொடரட்டும், அதுதான் பாதுகாப்பு என்று நம்பி எழுதினேன்.

கல்வெட்டு:

அந்த வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதன் இடத்தில் வர வேண்டியது ஒன்றே ஒன்று: பூட்டு போய்விட்டது என்று தெரிந்த கணமே கையில் இருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். டிரான்ஸாக்‌ஷனைத் திருப்பு, இணைப்பை மூடு, வேலையை வரிசைக்கே திருப்பி அனுப்பு. குத்தகை முடிந்தவர் நிலத்தில் நின்றுகொண்டு புதுக் குத்தகை பேசக்கூடாது. முதலில் வெளியே வர வேண்டும்.

கூடவே போஸ்ட்கிரெஸ் பக்கமும் காத்திருப்புக்கு வரம்பு வையுங்கள். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை விதிக்கும் அமைப்பு 9.3 பதிப்பிலிருந்து உண்டு. டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பை வெட்டிவிடும் அமைப்பு 9.6இலிருந்து உண்டு. இரண்டுமே இயல்பாக அணைந்த நிலையில்தான் வருகின்றன, நாம்தான் இயக்க வேண்டும். இரண்டாவதை 20 வினாடி என்று வைத்திருந்தால் அன்று மூன்றின் பிடி தானே விழுந்திருக்கும்.

புதுநாற்று:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் இத்துறைக்குப் புதியவன். இவ்வளவு தொல்லை தருகிறது என்றால் காலாவதி எதற்கு? வேலை முடிந்ததும் பூட்டைத் திறந்தால் போதாதா?

அடித்தளம்:

திறக்க வேண்டியவர் திறக்கும் முன்பே செத்துவிட்டால்? ஒரே கணினிக்குள் என்றால், செத்த ப்ராசஸின் பிடியில் இருந்ததை இயங்குதளம் பெரும்பாலும் விடுவித்துவிடும். வலைப்பின்னலுக்கு அப்பால் இருப்பவர் செத்தாரா, மெதுவாக இருக்கிறாரா, வழிதான் அறுந்ததா என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அதனால் நேரத்தை வைத்து முடிவெடுக்கிறோம். 1989இல் கிரேயும் செரிட்டனும் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்காகக் குத்தகை என்ற கருத்தை முன்வைத்தபோதே இந்தக் காரணத்தைத்தான் சொன்னார்கள்.

ரெடிஸில் ஒரு பழைய பள்ளம் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் "இல்லாவிட்டால் எழுது" என்பது ஒரு கட்டளை, "இவ்வளவு நேரத்தில் காலாவதியாகு" என்பது இன்னொரு கட்டளை. இரண்டுக்கும் நடுவில் ப்ராசஸ் செத்தால் காலாவதி இல்லாத பூட்டு நிரந்தரமாகக் கிடக்கும். 2.6.12 பதிப்பில் செட் கட்டளைக்கே என்எக்ஸ், பிஎக்ஸ் என்ற விருப்பங்கள் வந்தன. இரண்டும் ஒரே அடியில் நடக்கும். இன்றும் பழைய இரண்டடி முறையை எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

திறப்பதிலும் இதேபோல் ஒன்று. பூட்டின் மதிப்பாக ஒவ்வொரு முறையும் ஒரு தற்செயல் சரத்தை எழுத வேண்டும். திறக்கும்போது அது என்னுடையதுதானா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் அழிக்க வேண்டும். இந்தப் பார்ப்பதும் அழிப்பதும் ரெடிஸ் நடுவில் குறுக்கீடின்றி ஓட்டும் ஒரே லுவா நிரலுக்குள் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் தாமதமாக விழித்தவர் தன்னுடையது என்று நினைத்து அடுத்தவர் பூட்டை அழித்துவிடுவார், மூன்றாமவர் உள்ளே வந்துவிடுவார்.

இரவுப்பணி:

அந்த லுவா நிரல் எங்களிடம் இருக்கிறது.

கல்வெட்டு சொன்னபடி மாற்றத் தொடங்கிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் அரிக்கிறது. பூட்டு போனது தெரிந்தால் விட்டுவிடலாம். தெரியாவிட்டால்? மூன்று உறைந்த இடம் "பூட்டு இன்னும் என்னுடையதா" என்று பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இருந்தால்? பார்த்தபோது "ஆம்", விழித்ததும் நேரே எழுதிவிடும்.

கல்வெட்டு:

ஆம், எழுதிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தே தீரும். பூட்டு வைத்திருப்பவரின் நேர்மையை நம்பி இதைத் தீர்க்க முடியாது. எழுதப்படும் இடமே காவல் நிற்க வேண்டும்.

2006இல் கூகுள் தன் சப்பி பூட்டுச் சேவையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பூட்டைப் பெற்றவர் ஒரு வரிசைச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் பூட்டின் தலைமுறை எண் இருக்கும். வேலை செய்யச் சொல்லும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அதை அனுப்ப, பெறும் சர்வர் அது இன்னும் செல்லுமா என்று சரிபார்க்கும். 2016இல் மார்ட்டின் கிளெப்மன் ரெடிஸின் ரெட்லாக் என்ற பல சர்வர் பூட்டு முறையை விமர்சித்து எழுதியபோது இதையே ஃபென்சிங் டோக்கன் என்ற பெயரில் வலியுறுத்தினார். ஒவ்வொரு முறை பூட்டு கைமாறும்போதும் எண் ஏறும். மூன்றுக்கு 33, எட்டுக்கு 34. சேமிப்பிடம் 34ஐப் பார்த்துவிட்ட பிறகு 33ஓடு வரும் எதையும் ஏற்காது. ஜூகீப்பர், எட்சிடி என்ற ஒருங்கிணைப்புச் சேவைகளில் இப்படி ஏறிக்கொண்டே போகும் எண் இயல்பாகவே கிடைக்கிறது.

தூதஞ்சல்:

இதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. சேமிப்பிடமே எண்ணைப் பார்த்துப் பழையதை நிராகரிக்கும் என்றால் பூட்டு எதற்கு? ரெடிஸை உருவாக்கிய சான்ஃபிலிப்போ அதே 2016இல் கிளெப்மனுக்கு எழுதிய பதிலில் இதைத்தான் கேட்டார். இன்னொன்று: எழுதும் இடம் எப்போதும் நம் கையில் இருப்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பும் சேவையிடம் 33, 34 என்றெல்லாம் பேச முடியாது. அது இரண்டையும் அனுப்பிவிடும்.

கல்வெட்டு:

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். என் பதில்: பூட்டு வீண்வேலையைத் தவிர்க்கிறது, எண் தவறான வேலையைத் தவிர்க்கிறது. பன்னிரண்டு வொர்க்கர்களும் ஒரே பில்லைத் தயாரித்துக் கடைசியில் பதினொன்று நிராகரிக்கப்பட்டால் கணக்கு சரியாகத்தான் இருக்கும், ஆனால் இயந்திரங்கள் வெந்துபோகும். அதைத் தடுக்க ரெடிஸ் பூட்டு போதும், எப்போதாவது ஒருமுறை அது பொய் சொன்னாலும் நட்டமில்லை. பணக் கணக்கு கெடாமலிருக்க அதை நம்பாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

வெளிச் சேவை பற்றிச் சொன்னது முழுக்க சரி. அங்கே கோரிக்கையோடு மாறாத ஓர் அடையாளத்தை அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கு, இந்த மாதம், இந்த பில் என்று யார் அனுப்பினாலும் ஒன்றாகவே இருக்கும் அடையாளம். அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் அந்தச் சேவை புறக்கணிக்கும். அந்த வசதி இல்லாத சேவை என்றால், ஒரு மின்னஞ்சல் இரண்டு முறை போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வடிவமைக்க வேண்டும். அதற்கு மேல் எந்தப் பூட்டாலும் உத்தரவாதம் தர முடியாது.

அடித்தளம்:

கல்வெட்டு, இரவுப்பணியின் அமைப்பில் டோக்கனை மட்டும் சேர்த்தால் போதாது என்று நினைக்கிறேன். எட்டு தன் 34ஐப் பதிவில் எழுத வேண்டும். அதை எழுதவே மூன்றின் டிரான்ஸாக்‌ஷன் விடாது. ஆகவே மூன்று விழிக்கும்போது பதிவில் 34 இருக்காது. அது 33ஓடு வெற்றிகரமாக முடித்துவிட்டுப் போகும். அதன் பிறகு எட்டு உள்ளே நுழைந்து 34ஓடு இன்னொரு பில் போடும். இரண்டு பில்.

உண்மையான கோளாறு இன்னும் அடியில் இருக்கிறது. பில் தயாரிக்கும் நீண்ட வேலை முழுவதும் டிரான்ஸாக்‌ஷன் ஏன் திறந்திருக்க வேண்டும்? காஃப்மன் நிபந்தனைகளில் நாம் மூன்றாவதையே உடைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதை உடையுங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் நிலையே வரக்கூடாது.

நான் செய்வது இது. பூட்டு கிடைத்ததும் ஒரு குட்டி டிரான்ஸாக்‌ஷன்: கணக்குப் பதிவில் உள்ள டோக்கன் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, புது எண்ணைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உடனே முடிப்பது. சில மில்லிவினாடி வேலை. அடுத்து பில் தயாரிப்பு, எந்த டிரான்ஸாக்‌ஷனும் திறந்திராத நிலையில். கடைசியில் இன்னொரு குட்டி டிரான்ஸாக்‌ஷன்: "டோக்கன் இன்னும் 33ஆக இருந்தால், இந்த மாத பில் இன்னும் இல்லாவிட்டால், எழுது." திருத்தப்பட்ட பதிவுகள் பூஜ்யம் என்று பதில் வந்தால் யாரோ முந்திவிட்டார்கள், தயாரித்ததை எறிந்துவிட்டுப் போ. கணக்கும் மாதமும் சேர்ந்து ஒருமைக் கட்டுப்பாடாகவும் (அதே ஜோடி இரண்டாம் முறை பதிவாகாதபடி) இருக்கட்டும்.

இதில் டோக்கன் ரெடிஸிலிருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ரெடிஸின் நகலெடுப்பு உடனுக்குடன் உறுதியாவதில்லை. முதன்மைச் சர்வர் விழுந்து நகல் பொறுப்பேற்றால் கடைசியாக ஏறிய எண் தொலைந்துபோகலாம், அதே 34 இரண்டு பேருக்குப் போகலாம். காவல் நிற்கும் இடத்திலேயே எண்ணும் பிறக்கட்டும்.

கல்வெட்டு:

அடித்தளம் சொல்வதே சரி. டோக்கனை அவருடைய அமைப்பில் வைத்துப் பார்க்காமல் பேசிவிட்டேன். நன்றி.

நேர்கோடு:

ரெடிஸையே விட்டுவிட்டு போஸ்ட்கிரெஸின் அட்வைசரி பூட்டை (நிரல் தானே கேட்டுப் பிடிக்கும் பூட்டை) வைத்தால்? இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் சுழற்சி முழுதாகத் தெரியுமே.

அடித்தளம்:

தெரியும். அட்வைசரி பூட்டுகளும் அதன் டெட்லாக் தேடலுக்குள் வரும். இணைப்பு அறுந்தால் பூட்டும் போகும், காலாவதி எண்ணே தேவையில்லை. ஆனால் உறைந்த வொர்க்கரின் இணைப்பு அறுவதில்லை, டிசிபி அளவில் அது பொறுமையாகத் திறந்தே கிடக்கும், மற்றவர்கள் நிற்பார்கள். இன்னொரு எச்சரிக்கை: நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்துகொடுக்கும் பிஜிபவுன்சர் டிரான்ஸாக்‌ஷன் முறையில் இருந்தால் செஷன் அளவிலான அட்வைசரி பூட்டு வேலைக்கு ஆகாது. பூட்டியது ஒரு இணைப்பில், திறக்கப்போவது வேறொரு இணைப்பில் என்று ஆகிவிடும்.

மணற்கடிகாரம்:

யாரும் தொடாத இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, எட்டாம் வொர்க்கர். மூன்று மணி நேரம் ஒரு அங்குலம்கூட நகராமல் அது பூட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது! புதுப்பிக்கும் த்ரெட் தனியாக ஓடுகிறது, வேலை செய்யும் த்ரெட் நின்றுபோனது அதற்குத் தெரியாது. செத்தவரின் பூட்டு விழட்டும் என்று வைத்த காலாவதியை, முடங்கியவருக்காக அது இரவு முழுவதும் தள்ளிப்போட்டிருக்கிறது. ஜாவா உலகில் ரெடிசன் நூலகத்தின் வாட்ச்டாக்கும் இதே வகைதான்: இயல்பாக 30 வினாடி ஆயுள், 10 வினாடிக்கு ஒரு புதுப்பிப்பு, ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை. வேலை முன்னேறுகிறது என்று வேலை த்ரெட் சொன்னால் மட்டும் புதுப்பியுங்கள். அது முடியாவிட்டால் மொத்தப் புதுப்பிப்புகளுக்கு ஓர் உச்சவரம்பாவது வையுங்கள்.

இரண்டாவது, கடிகாரம். பூட்டு எனக்கு எப்போது முடியும் என்று கணக்கிடும்போது, பதில் வந்த நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். கோரிக்கையை அனுப்பும் முன் இருந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். பதில் வழியில் எட்டு வினாடி தாமதித்திருந்தால் உங்களிடம் மீதி 22 வினாடிதான். சுவர்க் கடிகார நேரத்தையும் எடுக்காதீர்கள், நேர ஒத்திசைவு அதை முன்னும் பின்னும் தள்ளும். லினக்ஸில் பெரும்பாலோர் மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தை எடுப்பார்கள். இயந்திரம் உறக்கத்தில் இருந்த நேரத்தை அது எண்ணாது, பூட்-டைம் (boottime) கடிகாரம் எண்ணும். உறங்கி எழுந்த வொர்க்கர் "எனக்கு இன்னும் 26 வினாடி இருக்கிறது" என்று மனதார நம்பும்.

வைத்திருப்பவர் முன்பே விட வேண்டும், காத்திருப்பவர் பின்னரே எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் வெற்று நேரம்தான் பாதுகாப்பு. பல இயந்திரங்களில் நிரல்களை நிர்வகிக்கும் கூபர்னெட்டிஸில் தலைமைத் தேர்வின் இயல்பான எண்களைப் பாருங்கள்: குத்தகை 15 வினாடி, 10 வினாடிக்குள் புதுப்பிக்க முடியாவிட்டால் தலைவரே விலகிவிட வேண்டும், முயற்சி 2 வினாடிக்கு ஒருமுறை. அந்த ஐந்து வினாடி இடைவெளி தெரிந்தே வைத்தது. கன்சல் என்ற ஒருங்கிணைப்புச் சேவை வேறு பக்கத்திலிருந்து இதையே செய்கிறது: செஷன் செல்லாமல் போனபின் இயல்பாக 15 வினாடிக்கு அந்தப் பூட்டை யாருக்கும் கொடுக்காது. உறைவு இவற்றையும் மீறும் என்பதால் அடித்தளம் சொன்ன எண் கட்டாயம். ஆனால் இந்த இடைவெளி இருந்தால் எண் தலையிட வேண்டிய தருணங்கள் அரிதாகும்.

புதுநாற்று:

ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகளைப் பூட்ட வேண்டியிருந்தால்?

அடித்தளம்:

எல்லா வொர்க்கரும் கணக்கு எண்ணின் ஏறுவரிசையில்தான் பூட்ட வேண்டும். வட்டம் உருவாகவே முடியாது. நடுவில் ஒன்று கிடைக்காவிட்டால் எடுத்ததையும் விட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்து மீண்டும் வாருங்கள். அந்தச் சற்று நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கக்கூடாது, தற்செயலாக மாறுபட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் ஒன்றாக வந்து முட்டி, ஒன்றாக விலகி, மறுபடி ஒன்றாக வருவார்கள்.

இரவுப்பணி:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அடித்தளத்துக்கு.

நீண்ட டிரான்ஸாக்‌ஷனை இரண்டு குட்டி டிரான்ஸாக்‌ஷன்களாகப் பிரித்துவிட்டேன். டோக்கன் கணக்குப் பதிவிலேயே பிறக்கிறது. "மீண்டும் பெற முயல்கிறது" என்ற வரியை அழித்துவிட்டேன். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் வேலை த்ரெட் ஒரு குறி வைக்கிறது, 60 வினாடிக்குப் புதுக் குறி வராவிட்டால் புதுப்பிப்பு நின்றுவிடும். போஸ்ட்கிரெஸின் இரண்டு வரம்புகளும் இயக்கத்தில் உள்ளன.

சோதிக்க இயந்திரம் இடம் மாறும்வரை காத்திருக்கவில்லை. சோதனைச் சூழலில் வொர்க்கர் பில் தயாரித்துக்கொண்டிருக்கும்போது அதற்கு ஸ்டாப் சமிக்ஞை அனுப்பி அப்படியே நிறுத்தினேன். 45 வினாடி கழித்து கன்டின்யூ சமிக்ஞை. முதல் முறையே குறிப்பேட்டில் விழுந்த வரிகள் இவை:

11:02:16 வொர்க்கர் 5: பூட்டு கிடைத்தது, டோக்கன் 118
11:02:49 வொர்க்கர் 2: பூட்டு கிடைத்தது, டோக்கன் 119
11:02:57 வொர்க்கர் 2: பில் எழுதப்பட்டது
11:03:05 வொர்க்கர் 5: பில் எழுத முயற்சி, டோக்கன் 118, திருத்தப்பட்ட பதிவுகள் 0
11:03:05 வொர்க்கர் 5: வேலை கைவிடப்பட்டது

வெவ்வேறு இடங்களில் நிறுத்தி இருநூறு முறை ஓட்டினேன். இரட்டை பில் ஒன்றுகூட இல்லை, எங்கும் யாரும் நிற்கவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். தூதஞ்சல் எச்சரித்தபடியே மின்னஞ்சல் ஆறு முறை இரண்டாகப் போனது. எழுதுவதற்கு முன்பே அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது பில் எழுதப்படும் அதே டிரான்ஸாக்‌ஷனில் "அனுப்ப வேண்டியவை" என்ற அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்த்து, தனி வொர்க்கர் அதிலிருந்து எடுத்து அனுப்பும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தூதஞ்சல்:

அந்தத் தனி வொர்க்கரையும் அனுப்பியதற்கும் "அனுப்பியாயிற்று" என்று குறித்ததற்கும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். அங்கேயும் ஓர் இடைவெளி இருக்கிறது. உங்கள் மின்னஞ்சல் சேவை கோரிக்கை அடையாளத்தை ஏற்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

ஏற்கும். அடையாளமாகக் கணக்கு எண்ணையும் மாதத்தையும் சேர்த்து அனுப்பப்போகிறேன். இன்றிரவு நிறுத்திப் பார்க்கிறேன்.